தி இன்கிரெடிபிள் ஹல்க் (1977 தொலைக்காட்சித் திரைப்படம்): ஒரு மறுபார்வை

'தி இன்கிரெடிபிள் ஹல்க்' அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நவம்பர் 4, 1977 அன்று ஒளிபரப்பான தொலைக்காட்சித் திரைப்படம். மார்வெல் காமிக்ஸின் புகழ்பெற்ற பாத்திரமான ஹல்க், உயிருள்ள நடிகர்களைக் கொண்டு முதன்முதலாகத் திரைக்கு வந்தது இந்தப் படத்தில்தான். கென்னத் ஜான்சன் எழுதி, இயக்கி, தயாரித்தார். டாக்டர் டேவிட் பேனராக பில் பிக்ஸ்பியும், ஹல்க்காக லூ ஃபெரிக்னோவும், அறிவியலாளர் எலைனா மார்க்ஸாக சூசன் சல்லிவனும், செய்தியாளர் ஜாக் மெகீயாக ஜாக் கோல்வினும் நடித்தனர். இதன் வெற்றியைத் தொடர்ந்து 1978 முதல் 1982 வரை இதே பெயரில் தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது.

இன்றைய பார்வையாளர்கள் பலர் இந்தப் படத்தை இணையத்தில் உலவும் சிறு காட்சித்துண்டுகளின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். பச்சைச் சாயம் பூசிய ஒரு பயில்வான், தலையில் பொய்முடி, மெதுவாக ஓடும் காட்சி, எளிதில் பெயர்ந்து விழும் மரம் என அந்தத் துண்டுகள் சிரிப்பையே வரவழைக்கின்றன. முழுப் படத்தையும் பார்ப்பவருக்குக் கிடைப்பது வேறு அனுபவம். மனைவியைக் காப்பாற்ற முடியாமல் போன ஒருவன் அந்த இயலாமையிலிருந்து மீள முயன்று தோற்பதுதான் படத்தின் கதை. பச்சை அரக்கன் அந்தக் கதைக்குள் அவ்வப்போது வந்து போகிறது.

பின்னணி

ஹல்க் பாத்திரத்தை ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962-ல் உருவாக்கினர். முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் அச்சில் சீராக வராததால் அடுத்த இதழிலிருந்து பச்சையாக மாற்றப்பட்டது.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் காமிக்ஸ் நாயகர்களை நாடத் தொடங்கின. சி.பி.எஸ். தொலைக்காட்சி 1977 செப்டம்பரில் ஸ்பைடர்மேனையும், 1978-ல் டாக்டர் ஸ்ட்ரேஞ்சையும், 1979-ல் கேப்டன் அமெரிக்காவையும் தொலைக்காட்சிப் படங்களாக ஒளிபரப்பியது. கணினி வரைகலை இல்லாத காலம் அது. திரையரங்கப் படங்களுக்குக் கிடைத்த பணமும் படப்பிடிப்பு நாட்களும் தொலைக்காட்சிக்குக் கிடைக்கவில்லை. சுவரில் ஏறுவதையும் மாயவித்தைகளையும் காட்டித் தீர வேண்டிய படங்கள் இந்தக் கட்டுப்பாட்டால் மிகவும் திணறின.

கென்னத் ஜான்சன் அதற்கு முன் 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொடரில் பணியாற்றியவர். 'தி பயோனிக் வுமன்' தொடரை உருவாக்கியவர். யுனிவர்சல் நிறுவனம் மார்வெல் பாத்திரங்களின் உரிமையை வாங்கி, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவரிடம் கேட்டது. காமிக்ஸில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அப்போது அவர் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ள்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவன், அவனை விடாமல் துரத்தும் மற்றொருவன் என்ற அமைப்பை ஹல்க் கதைக்குள் கொண்டுவர முடியும் என்று அவருக்குத் தோன்றியது. ஜீன் வால்ஜீனின் இடத்தில் டேவிட் பேனரும், காவல் அதிகாரி ஜாவர்ட்டின் இடத்தில் செய்தியாளர் மெகீயும் வந்தனர்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நாவல் சுத்தானந்த பாரதியின் 'ஏழை படும் பாடு' மொழிபெயர்ப்பின் வழியாக அறிமுகமானது. 1950-ல் அதே பெயரில் வெளிவந்த தமிழ்ப் படத்தில் வி. நாகையா நடித்தார். துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அந்த வேடத்தால் 'ஜாவர்' என்ற பட்டம் நிலைத்தது. 'ஏழை படும் பாடு' கதையை அறிந்தவர்கள், மெகீ முதன்முதலாக டேவிட்டைத் தேடி வரும் காட்சியிலேயே இந்த உறவின் வடிவத்தை அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

கதைச்சுருக்கம்

டாக்டர் டேவிட் பேனரும் அவன் மனைவி லாராவும் சென்ற கார் விபத்துக்குள்ளாகிறது. டேவிட் தப்பிவிடுகிறான். லாரா உள்ளே சிக்கிக்கொள்கிறாள். காரிலிருந்து அவளை விடுவிக்க அவன் தன் முழு வலுவையும் செலுத்தியும் முடியவில்லை. அவன் கண் முன்னே அவள் இறந்துபோகிறாள்.

அதன் பிறகு அவனுடைய ஆய்வு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே நிகழ்கிறது. நெருக்கடி நேரத்தில் சாதாரண மனிதர்களுக்குத் திடீரென்று பேராற்றல் வருவது எப்படி? அவனும் உடன் பணியாற்றும் எலைனாவும் அப்படிப்பட்ட அனுபவம் உடையவர்களைச் சந்தித்துப் பேசுகிறார்கள். அவர்களில் ஒரு தாய், தன் மகனைக் காப்பதற்காகக் காரையே தூக்கியவள். உடற்கூறில் அவர்களுக்கிடையே ஒரு பொதுத்தன்மை இருப்பதை ஆய்வு காட்டுகிறது. அதே தன்மை டேவிட்டின் உடலிலும் இருக்கிறது. அப்படியானால் அவனுக்கு மட்டும் ஏன் அந்த வலிமை வரவில்லை? சூரியனிலிருந்து வரும் காமாக் கதிர்களின் அளவில் விடை இருப்பதாக அவன் கண்டறிகிறான்.

அன்றிரவே, யாரிடமும் சொல்லாமல், காமாக் கதிர்களைத் தன் உடலில் செலுத்திக்கொள்கிறான். கருவி மாற்றியமைக்கப்பட்டிருப்பது அவனுக்குத் தெரியாது. நினைத்ததைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு உடலில் பாய்கிறது. உடனே எந்த மாற்றமும் தெரியாததால் சோதனை தோற்றதாக எண்ணி, மழையில் வீடு திரும்புகிறான். வழியில் கார் டயரில் காற்று இறங்கிவிடுகிறது. அதை மாற்றும்போது கையில் அடிபடுகிறது. அந்த வலியிலும் ஆத்திரத்திலும் முதன்முறையாக ஹல்க்காக மாறுகிறான்.

மீண்டும் மனிதனானபின் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. எலைனாவும் அவனும் சேர்ந்து இதற்கு மாற்று தேடுகிறார்கள். மெகீ அவர்களை வேவு பார்க்கிறான். அவன் ஆய்வகத்துக்குள் ஒளிந்திருக்கும்போது தட்டிவிடும் வேதிப்பொருள் தீ விபத்துக்குக் காரணமாகிறது. டேவிட் மெகீயை வெளியே இழுத்துச் செல்லும் நேரத்தில் எலைனா உள்ளே சிக்கிக்கொள்கிறாள். ஹல்க் அவளை வெளியே தூக்கி வந்தும் அவள் பிழைக்கவில்லை. டேவிட்டும் இறந்துவிட்டதாகவும், இருவரையும் கொன்றது ஹல்க் என்றும் உலகம் நம்புகிறது. அந்தப் பொய்யைத் திருத்தாமல் டேவிட் ஊரை விட்டுச் செல்கிறான்.

மூலக்கதையிலிருந்து செய்த மாற்றங்கள்

காமிக்ஸில் நாயகனின் பெயர் புரூஸ் பேனர். பெயரும் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவது காமிக்ஸ் தன்மையாக இருக்கிறது என்று கருதிய ஜான்சன் அதை டேவிட் என்று மாற்றினார். புரூஸ் என்பது நடுப்பெயராகக் கல்லறைக் கல்லில் மட்டும் எஞ்சியது. ஹல்க்கின் நிறத்தையும் கோபத்தைக் குறிக்கும் சிவப்பாக மாற்ற அவர் விரும்பினார். அதற்கு ஸ்டான் லீ இணங்கவில்லை. காமிக்ஸின் ஹல்க் பேசும்; படத்தின் ஹல்க் உறுமுவதோடு சரி.

இவற்றைவிட முக்கியமானது கதையின் தொடக்கத்தில் செய்த மாற்றம். காமிக்ஸில் பேனர் காமா வெடிகுண்டை உருவாக்கும் அறிவியலாளர். சோதனைத் தளத்துக்குள் வந்துவிட்ட ஓர் இளைஞனைக் காப்பாற்றப் போய்க் கதிர்வீச்சில் சிக்குகிறார். பனிப்போர்க் காலத்தின் அணுகுண்டு அச்சம் அந்தக் கதையின் அடியில் இருக்கிறது. ஆயுதம் செய்தவனையே ஆயுதம் தாக்குகிறது என்ற அறநோக்கும் அதில் உண்டு.

தொலைக்காட்சிப் படம் வெடிகுண்டை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மனைவியின் மரணத்தை வைத்தது. இதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. அரசு, ராணுவம், ஆயுதம் ஆகியவை பற்றி மூலக்கதை எழுப்பிய கேள்விகள் மறைந்துபோயின. படத்தின் டேவிட் எவருக்கும் தீங்கு செய்யாத மருத்துவ ஆய்வாளன். அவனுடைய பிழை பொறுமையின்மை மட்டுமே. ஆனால் மூலத்தில் இல்லாத ஓர் உள்ளிணைப்பு இங்கே கிடைத்தது. காமிக்ஸில் ஹல்க் ஒரு விபத்தின் விளைவு. படத்தில் ஹல்க் ஒரு விருப்பத்தின் விளைவு. அன்று தனக்கு இல்லாமல் போன வலிமையைத் தேடியே டேவிட் கருவியின் கீழ் படுக்கிறான். அவன் கேட்டது கிடைக்கிறது. அது எந்த நாளுக்குத் தேவைப்பட்டதோ அந்த நாள் கடந்துவிட்டது. டயர் மாற்றும்போது கையில் பட்ட அடிக்காக அந்த வலிமை வருவது இந்த முரணை ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறது.

செலவுச் சுருக்கத்தின் விளைவு

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் இந்தப் படத்தில் டேவிட் ஹல்க்காக மாறுவது மூன்று முறைதான். முதல் மாற்றத்துக்கு முன் படத்தின் கணிசமான பகுதி கடந்துவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் மனிதர்கள் அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆற்றல் பெற்றவர்களின் வாக்குமூலங்களை டேவிட் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேமரா பெரும்பாலும் அவன் முகத்தைக் கவனிக்கிறது. மகனுக்காகக் காரைத் தூக்கிய தாயின் கதை அவனுக்கு ஆய்வுத் தரவு மட்டுமல்ல. தன்னால் முடியாததை வேறொருவர் செய்திருக்கிறார் என்ற செய்தி அது.

இந்த அமைப்புக்குச் செலவுச் சுருக்கமும் ஒரு காரணம், ஜான்சனின் நோக்கமும் ஒரு காரணம். நம்ப முடியாத ஒன்றை மட்டும் கதையில் அனுமதித்து, மற்ற அனைத்தையும் நம்பும்படி வைக்க வேண்டும் என்பது அவர் முறை. அதனால் படத்தில் எதிர்நாயகன் இல்லை. உலகை அழிக்கும் திட்டம் இல்லை. ஹல்க்குக்கு இணையான மற்றோர் அரக்கனும் இல்லை. அதே ஆண்டுகளின் மற்ற சாகசப் படங்கள் காட்ட முடியாததைக் காட்ட முயன்று தடுமாறின. இந்தப் படம் காட்ட முடிந்ததை வைத்துக் கதையை அமைத்துக்கொண்டது.

மாற்றம் நிகழும் காட்சிகளும் அப்படியே எளியவை. கண்ணின் நிறம் மாறுகிறது, சட்டையின் முதுகு கிழிகிறது, காலணி பிளக்கிறது. கண்வில்லைகள், ஒப்பனை, படத்தொகுப்பு ஆகியவற்றைத் தவிர வேறு உத்தி இல்லை. முழு மாற்றத்தையும் காட்டாமல் உடலின் பகுதிகளை மட்டும் காட்டுவதால் மிச்சத்தைப் பார்வையாளரின் கற்பனை நிரப்பிக்கொள்கிறது. பிக்ஸ்பியின் முகத்தில் வலியும் அச்சமும் தெரிகின்றன. தனக்கு நடப்பதைத் தடுக்க முடியாத ஒருவனின் முகம் அது.

ஏரிக்கரைக் காட்சி

முதல் மாற்றத்துக்குப் பின் காட்டில் அலையும் ஹல்க், ஏரிக்கரையில் ஒரு சிறுமியைக் காண்கிறது. அவள் அஞ்சி ஓடித் தண்ணீரில் விழுந்துவிடுகிறாள். நீந்தத் தெரியாத அவளை நோக்கி ஹல்க் ஒரு மரத்தைச் சாய்த்துக் காப்பாற்றுகிறது. அங்கு வரும் அவள் தந்தை, அரக்கன் தன் மகளைத் தாக்குவதாக எண்ணிச் சுடுகிறார்.

ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் 1931-ல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் புகழ்பெற்ற காட்சியை இது நினைவூட்டுகிறது. அங்கே அரக்கன் சிறுமியுடன் பூக்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடுகிறது, அவளும் மிதப்பாள் என்றெண்ணி அவளைத் தண்ணீரில் போட்டுவிடுகிறது, அவள் இறந்துபோகிறாள். ஜான்சன் அதே ஏரியையும் அதே சிறுமியையும் எடுத்துக்கொண்டு முடிவை மாற்றுகிறார். இங்கே அரக்கன் காப்பாற்றுகிறது. அப்படியும் அதற்குக் கிடைப்பது துப்பாக்கிக் குண்டுதான்.

இந்தக் காட்சியின் இடம் கதையில் முக்கியமானது. ஆபத்தில் சிக்கிய ஓர் உயிரை மனித வலுவுக்கு மீறிய செயலால் மீட்பது என்பதுதான் டேவிட் கற்க விரும்பியது. அவன் அதைச் சாதித்துவிட்டான். ஆனால் சாதித்தபோது அவன் அங்கே இல்லை. மறுபடி மனிதனாகும்போது அவனிடம் எஞ்சியிருப்பவை கிழிந்த உடையும் குண்டுக் காயமும் மட்டுமே. ஒரு குழந்தையைக் காப்பாற்றிய நினைவுகூட அவனுக்குச் சொந்தமில்லை.

இதே காட்சியில் படத்தின் ஏழ்மையும் வெளிப்படையாகத் தெரிகிறது. முதலில் ஹல்க்காக நடித்தவர் ரிச்சர்ட் கீல். 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தின் உலோகப்பல் வில்லனாக அறியப்படும் நெடிய நடிகர். அவரிடம் உயரம் இருந்த அளவுக்குத் தசைக்கட்டு இல்லாததால் அவருக்குப் பதிலாக ஃபெரிக்னோ கொண்டுவரப்பட்டார். கீலை வைத்து எடுத்த ஒரு சிறு துண்டு படத்தில் அப்படியே தங்கிவிட்டது. கவனித்துப் பார்ப்பவர்கள் ஒரு கணம் ஹல்க்கின் உடல் மெலிந்து போவதைக் காணலாம்.

நடிப்பு

பில் பிக்ஸ்பி 'மை ஃபேவரிட் மார்ஷியன்', 'தி கோர்ட்ஷிப் ஆஃப் எடிஸ் ஃபாதர்' ஆகிய தொடர்களின் வழியாக ஏற்கனவே வீடுகளில் பழக்கமான முகம். படத்தின் பெயரைக் கேட்டதும் நடிக்கத் தயங்கியவர், திரைக்கதையைப் படித்தபின் ஒப்புக்கொண்டார். அவர் நடிப்பில் உரத்த அழுகையோ நீண்ட வசனமோ இல்லை. தன்னை அடக்கிவைத்திருக்கும் மனிதனாகவே எல்லாக் காட்சிகளிலும் வருகிறார். தன்னைக் கோபப்படுத்த வேண்டாம் என்று மெகீயிடம் சொல்லும் இடம் பின்னாளில் பெரும் புகழ்பெற்றது. அதை அவர் மிரட்டலாகச் சொல்வதில்லை. தாழ்ந்த குரலில், ஏறக்குறைய வேண்டுகோளாகச் சொல்கிறார்.

லூ ஃபெரிக்னோ உடற்கட்டுப் போட்டிகளில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வென்றவர். சிறு வயதில் காதுநோயால் செவித்திறனின் பெரும்பகுதியை இழந்தவர். ஹல்க்குக்கு வசனம் கிடையாது. உறுமல் ஒலியும் டெட் காசிடியுடையது. எனவே ஃபெரிக்னோ கண்ணாலும் தலையசைவாலும் தோளின் சாய்வாலும் மட்டுமே நடிக்க வேண்டியிருந்தது. அழுத்த அறைக் காட்சி இதற்குச் சான்று. விழித்திருக்கும்போது எவ்வளவு முயன்றும் டேவிட் ஹல்க்காக மாறுவதில்லை. உறங்கும்போது விபத்தின் கனவு வந்ததும் மாறிவிடுகிறான். கனமான உலோக அறையை உடைத்து வெளியே வரும் ஹல்க்கின் முன் எலைனா நிற்கிறாள். அவள் மெல்லப் பேசியபடி நெருங்க, அதன் கண்களில் கோபம் வடிந்து குழப்பம் நிறைகிறது. பேருடலுக்குள் விழித்துக்கொண்ட குழந்தை போன்ற அந்தப் பார்வை, ஒப்பனையின் குறைகளை மறக்கச் செய்கிறது.

ஜோ ஹார்னெலின் இசையும் குறிப்பிடத்தக்கது. தொடரின் ஒவ்வொரு பகுதியும் முடியும்போது டேவிட் பையுடன் நெடுஞ்சாலையில் நடந்து செல்ல, பின்னணியில் ஒலிக்கும் பியானோ மெட்டு 'தி லோன்லி மேன்' என்ற பெயரால் அறியப்படுகிறது. சாகச நாயகனுக்கு எக்காள ஒலி எழுப்பும் வழக்கத்துக்கு மாறாக, தனித்து நடப்பவனுக்குரிய இசையை அவர் எழுதினார்.

தீயும் கல்லறையும்

படத்தின் இறுதிப்பகுதி அதன் தொடக்கத்தைத் திரும்பச் சொல்கிறது. மீண்டும் நெருப்பு. மீண்டும் உள்ளே ஒரு பெண். இம்முறை டேவிட்டிடம் எந்தத் தடையையும் பிளக்கும் வலிமை இருக்கிறது. ஹல்க்காக மாறித் தீக்குள் சென்று எலைனாவைத் தூக்கி வருகிறான். லாராவின் மரணத்தன்று அவனால் முடியாதது இன்று முடிந்துவிட்டது. ஆனாலும் எலைனா இறக்கிறாள். வலிமை போதாமல் லாராவை இழந்ததாக அவன் நம்பிவந்தான். வலிமை இருந்தும் எலைனாவை இழக்கிறான். அவன் ஆய்வு முழுவதும் நின்ற நம்பிக்கையைக் கதை இந்த இடத்தில் உடைத்துவிடுகிறது.

இறக்கும் தறுவாயில் எலைனா தன் காதலைச் சொல்கிறாள். அவள் சொல்வது ஹல்க்கிடம். சற்று நேரத்தில் அது டேவிட்டாகிவிடும். டேவிட்டுக்கு எதுவும் நினைவிருக்காது. அவள் கையில் அசைவற்றுக் கிடப்பது ஏன் என்று புரியாமல் ஹல்க் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பின்னர் டேவிட் யாருமற்ற நேரத்தில் அவள் கல்லறைக்கு வருகிறான். தான் அவளை நேசித்ததையும், அவள் ஒருபோதும் சொல்லாவிட்டாலும் அவளும் தன்னை நேசித்திருப்பாள் என்று நம்புவதையும் அங்கே சொல்கிறான். அவள் சொன்னாள் என்பது பார்வையாளருக்குத் தெரியும். சொல்லப்பட்டவனுக்குத் தெரியாது. இதைத் தெரிவிக்க எந்த விளக்கமும் படத்தில் இல்லை. அவன் சொல்லிவிட்டுச் சென்றுவிடுகிறான்.

டேவிட்டும் ஹல்க்கும் ஒரே உடலைப் பகிர்ந்தாலும் ஒருவரின் அனுபவம் மற்றவருக்குக் கிடைப்பதில்லை என்ற விதி, முதலில் கதையின் வசதிக்காக வைக்கப்பட்டதாகத் தோன்றும். கல்லறைக் காட்சியில்தான் அதன் முழு விலை தெரிகிறது. இந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு நடிகரும் ஒரு கல்லறையும் மட்டுமே. படத்தின் மிக ஆழமான இடம் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டிருக்கிறது.

குறைகள்

படத்தின் நடுப்பகுதி ஆய்வக விளக்கங்களால் தொய்வடைகிறது. உடற்கூறும் சூரியக் கதிர்களும் பற்றிய உரையாடல்கள் அறிவியல் போலத் தோன்றும் கற்பனைகளே. ஹல்க் வரும் காட்சிகளில் மெதுவாக ஓடும் உத்தி அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டுள்ளது. வலிமையைக் காட்ட வந்த உத்தி சில இடங்களில் சோம்பலைக் காட்டுகிறது.

பெண் பாத்திரங்களைக் கையாண்ட முறை இன்னும் தீவிரமான குறை. நாயகனின் துயரத்தைத் தொடங்கி வைக்க ஒரு பெண் இறக்கிறாள். அதை நிலைநிறுத்த மற்றொரு பெண் இறக்கிறாள். லாரா சில காட்சிகளில் புன்னகைப்பதற்கு மேல் ஒரு பாத்திரமாக வளரவில்லை. எலைனா அப்படியல்ல. அவள் டேவிட்டுக்கு இணையான அறிவியலாளர். அவன் அவசரத்தைக் கண்டிப்பவள், ஹல்க்கை அஞ்சாமல் நெருங்குபவள். சூசன் சல்லிவன் அந்தப் பாத்திரத்துக்குத் தந்த அறிவுக்கூர்மையும் நகைச்சுவையும், அவள் மரணம் கதையின் தேவைக்காக நிகழ்த்தப்படுவதை மேலும் உறுத்தலாக்குகின்றன. நாயகனைத் தனியாளாக்கி நெடுஞ்சாலைக்கு அனுப்பினால்தான் தொடர் நடக்கும். அதற்கு அவள் தடையாக இருந்தாள்.

மெகீயும் இந்தப் படத்தில் முழுமையடையவில்லை. ஹ்யூகோவின் ஜாவர்ட் சட்டத்தை நம்புபவன். அவனுடைய துரத்தலுக்கு ஓர் அறம் உண்டு. பரபரப்புச் செய்திக்காக அலையும் மெகீக்கு அந்தக் கனம் இல்லை. தீ விபத்துக்குத் தானே காரணம் என்பதை அவன் உணர்வதுமில்லை. ஜாக் கோல்வினின் நடிப்பால் தொடரில்தான் அவன் மெல்ல மெல்ல மனிதனாகிறான்.

தொடர்ச்சியும் தாக்கமும்

1977 நவம்பர் இறுதியில் இரண்டாவது தொலைக்காட்சிப் படம் வெளிவந்தது. 1978 மார்ச்சில் வாரத் தொடர் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய ஊர், ஒரு புதிய வேலை, ஒரு மாற்றுப்பெயர், இறுதியில் மீண்டும் பயணம் என்பது அதன் அமைப்பு. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் டேவிட்டை மணக்கும் மருத்துவராக நடித்த மாரியட் ஹார்ட்லி எம்மி விருது பெற்றார். தொடர் 1982-ல் முடிந்தது.

1988, 1989, 1990 ஆண்டுகளில் என்.பி.சி. தொலைக்காட்சியில் மேலும் மூன்று படங்கள் வந்தன. அவற்றில் தோர், டேர்டெவில் போன்ற பிற மார்வெல் நாயகர்களும் சேர்க்கப்பட்டனர். பின்னிரண்டு படங்களைப் பிக்ஸ்பியே இயக்கினார். நாயகர்களின் எண்ணிக்கை கூடியபோது டேவிட்டின் தனிமை பின்னுக்குச் சென்றது. மூன்றாவது படமான 'தி டெத் ஆஃப் தி இன்கிரெடிபிள் ஹல்க்' டேவிட்டின் மரணத்தோடு முடிகிறது. பிக்ஸ்பி 1993-ல் புற்றுநோயால் மறைந்தார்.

ஃபெரிக்னோ 2003, 2008 ஆண்டுகளின் திரையரங்கப் படங்களில் சிறு வேடங்களில் தோன்றினார். அந்தப் படங்களின் ஹல்க் கணினியில் உருவானது. அது டாங்கிகளைத் தூக்கி எறியும், மைல் கணக்கில் தாவும். 1977-ன் ஹல்க்கால் செய்ய முடியாத அனைத்தையும் செய்யும்.

மதிப்பீடு

பழைய மலிவுப் படங்களை இரண்டு வகையாக அணுகுவது வழக்கம். ஒன்று அவற்றின் பொய்முடியையும் சாயத்தையும் பார்த்துச் சிரிப்பது. மற்றொன்று சிறுவயது நினைவின் இனிமையால் எல்லாவற்றையும் மன்னிப்பது. இரண்டும் படத்தைப் பார்ப்பதில்லை. 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' கேலிக்கு இடம் தரும் படம்தான். அதற்குச் சலுகை தேவையில்லை. அதன் அரக்கன் இன்று யாரையும் அச்சுறுத்தாது. அதன் அறிவியல் யாரையும் நம்பவைக்காது.

ஆனால் சாகச நாயகக் கதைகள் பெரும்பாலும் கேட்காத ஒரு கேள்வியை இந்தப் படம் கேட்டது. வலிமை இருந்திருந்தால் அன்புக்குரியவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஒருவன் நம்புகிறான். அவனுக்கு அந்த வலிமை கிடைத்தால் என்ன ஆகும்? ஏரியில் விழுந்த சிறுமி பிழைக்கிறாள் என்பதால் வலிமை வீண் என்று படம் சொல்லவில்லை. வலிமையால் துயரை ஆற்ற முடியாது என்று மட்டும் சொல்கிறது. தீயிலிருந்து எலைனாவைத் தூக்கி வந்த கைகளுக்கு அவள் சொன்ன சொல்லை டேவிட்டிடம் கொண்டு சேர்க்கும் வழி தெரியவில்லை. பின்னாளில் பல மடங்கு செலவில் எடுக்கப்பட்ட ஹல்க் படங்களுக்குப் பிறகும் இந்தச் சிறு படம் திரும்பப் பார்க்கத் தக்கதாக இருப்பது அதனால்தான்.